குதிரை லத்தியை எருவாக்குவது: டெல்டாவில் குழி வெட்டாதீர்கள், மேடு போடுங்கள்

குதிரை வாங்கப் போனால் தரகர் சுழி பார்ப்பார், வாயைத் திறந்து பல்லில் வயது சொல்வார், நடக்கவிட்டு ஓடவிட்டுக் காட்டுவார். அது ஒரு நாளைக்கு எவ்வளவு லத்தி போடும், அதை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. மாடு கட்டிப் பழகிய குடும்பம், சாணி அள்ளத் தெரியாதா என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை. ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் கணக்கு தெரியும். எருக்குழி ரொம்பி, கறுப்புச் சாறு வாய்க்காலில் இறங்கி, பக்கத்து வயல்காரர் வாசலில் வந்து நின்று, "தம்பி, தண்ணியில கால வைக்க முடியல, அரிக்குது" என்பார். குழியை ஆள் விட்டு வாரியது, டிராக்டரில் ஏற்றியது, போட்ட வயலில் ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நடவு மஞ்சளாய்ப் போனது, தென்னையில் வண்டு விழுந்தது என எல்லாம் சேர்த்து எங்களுக்கு 40,000 ரூபாய்க்குக் குறையாமல் போயிற்று. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதில் உடம்பே கூசியது. யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் இவ்வளவும் மிச்சம். அதனால் தெரிந்ததை எல்லாம் கணக்கோடு எழுதுகிறேன். வண்டிக் குதிரை, ரேக்ளா குதிரை, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விடும் குதிரை, எதைக் கட்டியிருந்தாலும் லத்தி ஒன்றுதான்.

முதலில் அளவு. குதிரையின் உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் தினமும் லத்தியும் மூத்திரமுமாக வெளியே வரும். 350 கிலோ குதிரை என்றால் 17, 18 கிலோ. அதன் கீழே பரப்பிய வைக்கோலோ உமியோ நனைந்து சேரும்போது 25 கிலோ ஆகிவிடும். எடையைவிட இடம்தான் பிரச்சினை. லத்தி உருண்டை உருண்டையாக, உள்ளே காற்றோடு இருக்கும், மாட்டுச் சாணி மாதிரி அமுங்காது. குதிரை ஒன்றுக்கு நாளைக்கு 50 லிட்டர் கொள்ளளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒன்றரை கன மீட்டர். இரண்டு குதிரை கட்டினால் வருடத்தில் ஒரு சின்ன வீட்டு அறை ரொம்பிவிடும். மட்டக்குதிரைக்கு இதில் பாதி. நன்றாக மக்கினால் கொள்ளளவு பாதிக்கும் கீழே இறங்கும், அது ஒன்றுதான் ஆறுதல்.

நம் பக்கத்துப் பழக்கம் எருக்குழி. கொல்லையில் மூன்று நான்கடி ஆழம் வெட்டி, சாணி, சாம்பல், குப்பை எல்லாம் அதில் போட்டு, சித்திரையில் வெட்டி வண்டியில் அடிப்பது. மாட்டுச் சாணிக்கு அது ஒரு மாதிரி ஓடிவிடும். குதிரை லத்திக்கு ஓடாது. லத்தி மக்குவதே சூட்டில்தான். குதிரை அசை போடாது, தின்ற புல்லின் நார் பாதி அரைபட்ட நிலையிலேயே வெளியே வருகிறது. அந்த நாரும், இடையில் நிற்கும் காற்றும், 25-க்கு 1, 30-க்கு 1 என்று மக்குவதற்கு ஏற்றபடி அமைந்த கார்பன் நைட்ரஜன் (தழைச்சத்து) விகிதமும் சேர்ந்து, குவித்துவைத்த மூன்றாம் நாளே உள்ளே 60 டிகிரி ஏறும். மாட்டுச் சாணம் இவ்வளவு சுலபமாகச் சூடேறாது. அந்தச் சூட்டை அணைக்கிற ஒரே பொருள் தண்ணீர். டெல்டாவில் தண்ணீர் மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும். ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் ஓட ஆரம்பித்தால் களிமண் பூமியில் மூன்றடிக் குழியில் ஊற்றெடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். காற்றில்லாமல் தண்ணீரில் ஊறிய லத்தி மக்காது, அழுகும். முட்டை அழுகிய வாடை, கறுப்புச் சாறு, புழு எல்லாம் அதன் பிறகு வரிசையாக வருபவை. ஆகவே குழி வேண்டாம். தரைக்கு மேலே, உயர்த்திய மேடை, மேலே கூரை. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இடம் தேர்வு பற்றி. கிணறு, அடிபம்பு, போர் எதுவானாலும் 100 அடி தள்ளி இருக்கட்டும். வாய்க்காலிலிருந்து குறைந்தது 50 அடி. காற்றையும் பார்க்க வேண்டும். ஆனி முதல் ஆவணி வரை நமக்குத் தென்மேற்குக் காற்று, ஐப்பசி முதல் தை வரை வடகிழக்குக் காற்று. வீட்டுக்குத் தென்மேற்கிலோ வடகிழக்கிலோ மேடு போட்டால் பாதி வருடம் வாடை உள்ளே வரும். மிச்சம் இருப்பது வடமேற்கும் தென்கிழக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும் என்பதால் வடமேற்கே உத்தமம். வாஸ்து பார்க்கிறவர்களும் வாயு மூலை என்று ஒத்துக்கொள்வார்கள், வீட்டில் சண்டை மிச்சம். பக்கத்து வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் இதே கணக்கில் பாருங்கள். மேடையின் உயரத்தை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அந்த இடத்தில் வெள்ளம் எதுவரை நின்றது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டு அதற்கு மேலே அரையடி வையுங்கள். பெரும்பாலான இடங்களில் ஒன்றரை அடி போதும்.

இரண்டு குதிரைக்கு மூன்று அறை: ஒன்றில் தினசரி லத்தி சேரும், அடுத்ததில் சூடேறி மக்கும், மூன்றாவதில் ஆறிப் பழுக்கும். ஒவ்வொன்றும் 7 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரம். மண் கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, மேலே செங்கல் ஜல்லி பரப்பி 3 அங்குலம் சிமென்ட் பூசினால் பல வருடத்துக்குக் கவலையில்லை. காசு இல்லாவிட்டால் களிமண்ணை மெழுகித் திமிசு போட்ட தரையே போதும், ஆனால் மண்வெட்டி பட்டுப் பட்டு வருடா வருடம் சரிசெய்ய வேண்டும். தரை முன்பக்கமாக 10 அடிக்கு 3 அங்குலம் சரியட்டும். சரிவின் முடிவில் ஒரு சின்ன வாய்க்கால், அது போய் விழ மண்ணில் புதைத்த பாதி டிரம். அதில் சேரும் சாற்றை வாளியில் மொண்டு காய்ந்த மேட்டின் மேலேயே திரும்ப ஊற்ற வேண்டும். அதிலிருக்கும் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் உங்கள் காசு. தடுப்புச் சுவருக்குச் சவுக்குக் கழி நட்டு மூங்கில் பட்டை கட்டலாம். விழுந்த தென்னை மரத்தை அறுத்து அடுக்கலாம் என்று தோன்றும். அது வேண்டாம், காரணம் வண்டு விஷயத்தில் வரும். சுவரில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், காற்றுப் போக. கூரை கீற்றானாலும் தகரமானாலும் சாரல் அடிக்காதபடி சுற்றிலும் இரண்டடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முன்பக்கம் 6 அடி காலித் தரை விடுங்கள், புரட்டிப்போட இடம் வேண்டுமல்லவா. இந்தத் தரையை மிச்சம் பிடித்தவர்கள் யாரும் இரண்டாம் முறை புரட்டியதில்லை.

எருவின் தரத்தை முடிவு செய்வது கொட்டிலில் கீழே என்ன பரப்புகிறீர்கள் என்பதுதான். நம் ஊரில் கிடைப்பவை நான்கு. வைக்கோல் நன்றாக மக்கும், ஆனால் மூத்திரத்தைக் குறைவாகத்தான் குடிக்கும், குதிரை அதையே தின்னவும் செய்யும். நெல் உமி ரைஸ்மில்லில் மலிவு, கொட்டில் காய்ந்து சுத்தமாக இருக்கும், ஆனால் அதிலுள்ள சிலிக்கா என்ற மணல் சத்தால் மக்கவே மக்காது. ஆறு மாதம் கழித்தும் எருவில் உமி உமியாகவே கிடக்கும். காய்கறித் தோட்டத்துக் களிமண்ணைப் பொலபொலக்க வைக்க அது நல்லதுதான். நெல் வயலில் தண்ணீர் கட்டினால் மேலே மிதந்து வரப்போரம் ஒதுங்கும். மரத்தூள் மோசம். கார்பன் மட்டும் மிகுதியாக இருப்பதால், மக்குவதற்கான தழைச்சத்தை எல்லாம் அதுவே விழுங்கிவிடும். பிளைவுட் பட்டறைத் தூளை அறவே தொடாதீர்கள், பசையும் மருந்தும் கலந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தென்னை நார்க்கழிவு கிடைக்கும். தன் எடையைப்போல் பல மடங்கு ஈரம் குடிக்கும், காலுக்கு மெத்தென்று இருக்கும். அதன் கார்பன் நைட்ரஜன் விகிதம் 112-க்கு 1 என்பதை மனதில் வைத்து மெல்லிசாகப் பரப்புங்கள். எங்கள் கணிப்பில் நடுவில் நார்க்கழிவு இரண்டு அங்குலம், மேலே வைக்கோல் என்பதுதான் சரியான சேர்க்கை. எதைப் போட்டாலும் நனைந்ததை மட்டும் எடுங்கள். முழுக் கொட்டிலையும் தினமும் வாரி வெளியே போட்டால் மேட்டில் சேர்வது லத்தி இல்லை, வைக்கோல்.

கொட்டிலுக்குள் நுழைந்ததும் கண் எரிகிறது என்றால் அம்மோனியா. உடனே சுண்ணாம்பைத் தூவுவது நம் வழக்கம், சாம்பலும் போடுவார்கள். இரண்டும் காரத்தன்மை உள்ளவை, மூத்திரத்திலிருக்கும் தழைச்சத்தை இன்னும் வேகமாக ஆவியாக்கி வெளியே விரட்டும். வாடை கூடுமே தவிரக் குறையாது, எருவின் சத்தும் போகும். அதற்குப் பதில் நனைந்ததை வாரிய இடத்தில் ஜிப்சம் ஒரு கைப்பிடி இரண்டு கைப்பிடி தூவுங்கள், அம்மோனியாவைப் பிடித்து அம்மோனியம் சல்பேட்டாக்கி வைத்துக்கொள்ளும். சூப்பர் பாஸ்பேட்டும் இதைச் செய்யும், ஆனால் குதிரை நக்கும் இடத்தில் வேண்டாம், மேட்டில் மட்டும் போடுங்கள்.

இனி மேடு கட்டுவது. முதல் அறையில் தினசரி லத்தி சேர்ந்துகொண்டே வரும். அடியில் முக்கால் அடிக்கு உளுந்துச் செடி, பயற்றங்கொடி, சவுக்குக் குச்சி மாதிரி முரட்டுக் குப்பை, அதன் மேல் லத்தி. ஒவ்வொரு நாளும் போட்டதை ஒரு கூடை பழைய எருவாலோ காய்ந்த வைக்கோலாலோ மூடிவிடுங்கள். இரண்டு குதிரைக்கு இந்த அறை நிரம்ப ஒன்றரை மாதம் ஆகும். இந்த அறையில் சூடு ஏறியும் இறங்கியும் இருக்கும், அதை நம்ப வேண்டாம். அறை நிரம்பியதும் மொத்தத்தையும் இரண்டாவது அறைக்கு மாற்றும் நாள்தான் மக்குவது உண்மையில் தொடங்கும் நாள். ஒரு கன மீட்டருக்குக் குறைந்த குவியல் சூடு பிடிக்காது என்பதால் ஒற்றை மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள் கூரைக்கடியில் காய விட்டுச் சேர்த்துவைத்து ஒரே நாளில் கட்ட வேண்டும். மாற்றும்போது அரையடி லத்தி, அதன் மேல் பச்சைத் தழை நான்கு விரற்கடை, அதன் மேல் சாணிக்கரைசல் என்று அடுக்குங்கள். பச்சைக்குக் கிளைரிசிடியா, வாகை, பூவரசு எதுவும் ஆகும். வாய்க்கால் நிறைய ஆகாயத்தாமரை கிடக்கிறதே என்றால் தாராளமாகப் போடலாம், பூவெடுக்காததாகப் பார்த்து இரண்டு மூன்று நாள் வெயிலில் வாட்டிய பிறகு. பச்சையாகப் போட்டால் அது முழுக்கத் தண்ணீர், சூட்டை அணைத்துவிடும். சாணிக்கரைசல் 10 கிலோ பசுஞ்சாணம், 50 லிட்டர் தண்ணீர். வேளாண் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் என்ற, மக்கவைக்கும் நுண்ணுயிர்க் கலவை கிடைத்தால் டன்னுக்கு 2 கிலோ கரைத்துத் தெளிக்கலாம். மரத்தூளோ நார்க்கழிவோ அதிகம் கலந்திருந்தால் டன்னுக்கு 5 கிலோ யூரியா கரைத்து அடுக்குகளுக்குப் பகிர்ந்து ஊற்றுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

ஈரப்பதத்தில்தான் பெரும்பாலோர் தவறவிடுவார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் லத்தி உருண்டை வெளியே ஓடு மாதிரி இறுகிவிடும். மேலே குடம் குடமாக ஊற்றினாலும் தண்ணீர் உருண்டைகளுக்கு நடுவே ஓடி டிரம்மில் போய் விழும், உள்ளே சொட்டும் இறங்காது. டிரம்மில் தண்ணீர் சேர்வதைப் பார்த்து ஈரம் போதும் என்று நினைத்துவிடுவோம். உருண்டையை மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி உடைத்துக்கொண்டே பூவாளியில் நனைக்க வேண்டும். கைநிறைய அள்ளி இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும். ஒழுகினால் அதிகம், கையை விரித்ததும் உதிர்ந்தால் குறைவு. கடலோரக் கிராமங்களில் உப்புப் போர்த் தண்ணீரை இதற்கு ஊற்றாதீர்கள். சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு எருவில் தங்கும், அந்த எருவைப் போட்ட நாற்றங்கால் நுனி கருகும். ஆற்றுத் தண்ணீரோ குளத்துத் தண்ணீரோ பாருங்கள்.

சூட்டைப் பார்க்கக் கருவி வாங்கினால் நல்லது, இல்லாவிட்டால் மூன்றடி நீளக் கம்பி போதும். மேட்டின் நடுவே செருகி கால் மணி நேரம் விட்டு உருவிப் பிடியுங்கள். ஐந்தாறு விநாடி கூடப் பிடிக்க முடியவில்லை என்றால் 55 டிகிரிக்கு மேலே இருக்கிறது. இதமாக இருந்தால் 45-க்குக் கீழே வந்துவிட்டது, புரட்ட வேண்டிய நேரம். 55 டிகிரி மூன்று நாள் நின்றால் களை விதையும் குடல்புழு முட்டையும் சாகும். ஆனால் அது மேட்டின் நடுவில் மட்டும். ஓரத்து ஒரு அடி எப்போதும் ஆறியே கிடக்கும். ஓரத்தை உள்ளேயும் உள்ளதை ஓரத்துக்கும் கொண்டுபோவதுதான் புரட்டுவது. மேலே இருந்ததை அப்படியே கீழே கவிழ்த்தால் கூலி வீண். வாரத்துக்கு ஒரு தரம் வீதம் ஐந்து தரம் புரட்டினால் எல்லாப் பகுதியும் ஒருமுறையாவது நடுவுக்கு வந்துவிடும். மூன்றாவது அறை காலியாக இருக்கும்போது அதற்குள், இல்லாவிட்டால் முன்தரையில். 70 டிகிரி தாண்டினால் மக்கவைக்கும் நுண்ணுயிரே செத்துவிடும், உடனே பிரித்து நனைக்க வேண்டும்.

புரட்டும்போது உள்ளே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். வேலையாள் "அண்ணே, எருவுல பூசணம் புடிச்சிடுச்சு, கொட்டிடலாமா?" என்பார். கொட்ட வேண்டாம். அது சூட்டில் வளரும் ஆக்டினோமைசீட் என்ற நுண்ணுயிர், இருப்பது நல்ல குறி. ஆனால் வெள்ளை அடர்த்தியாக, தொட்டால் தூள் பறக்கும்படி இருந்தால் உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தூள் மூச்சில் போனால் இருமல், காய்ச்சல் வரும். தண்ணீர் தெளித்து அடக்கிவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு புரட்டச் சொல்லுங்கள்.

ஈ விஷயம் எளிது. வீட்டு ஈ முட்டை வைத்துப் புழுவாகிக் கூடாகிப் பறக்க வெயில் காலத்தில் 7 முதல் 10 நாள். வாரம் ஒருமுறை புரட்டுகிற மேட்டில் அது முடிக்க முடியாது. மருந்து அடிக்கவே தேவையில்லை. குதிரை ஓயாமல் காலை உதைத்துக்கொண்டே இருந்தால் அது வேறு ஈ, காலில் கடித்து ரத்தம் குடிப்பது. மூத்திரத்தில் ஊறிய வைக்கோல்தான் அதன் தொட்டில். தண்ணீர்த் தொட்டியடி, கொட்டில் மூலை, தீவனத் தொட்டிக்குப் பின்புறம் என்று யாரும் கை வைக்காத இடங்களைப் பாருங்கள். நாட்டுக்கோழி நாலு விட்டால் கிளறித் தின்று பாதி வேலையை முடித்துவிடும்.

வண்டுதான் பெரிய செலவு. தென்னங்குருத்தை விசிறி மாதிரி கத்தரிக்கும் காண்டாமிருக வண்டு முட்டை வைப்பது எருக்குழியிலும் மட்கிய தென்னை மரத்திலும்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த மரங்கள் கிடந்து மட்கிய காலத்தில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யத்துக்காரர்கள் எந்த மட்கிய பொருளையும் தோப்பில் போட்டுவைக்கப் பயந்ததற்குக் காரணம் இதுதான். அறைச் சுவருக்குத் தென்னை மரம் வேண்டாம் என்றதும் இதற்காகவே. கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, சி எழுத்துப் போலச் சுருண்டு, தலை மட்டும் பழுப்பாக இருக்கும் புழு உங்கள் எருவில் கிடந்தால் அதைத் தோப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. சூடான இரண்டாவது அறையில் அது இருக்காது, முட்டையிட வண்டு தேடுவது ஆறிய மூன்றாவது அறையை. புழுப் பருவம் மாதக்கணக்கில் நீளும் என்பதால் மாதம் ஒருமுறை கிளறிப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டாலே கட்டுப்படும். பொறுக்கி முடியாத அளவு இருந்தால் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணக் கரைசல் 250 மில்லியை 750 மில்லி தண்ணீரில் கலந்து எருவின் மேல் தெளிக்கலாம். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ, நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களிலோ இருப்பு கேட்டுப் பாருங்கள். தெளித்த பிறகு எரு ஈரமாக, நிழலில் இருக்க வேண்டும், வெயிலில் பூஞ்சணம் செத்துவிடும். பறக்கும் வண்டுக்கு 1 கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சட்டிகளில் தோப்பில் வைத்தால் வந்து விழும், காலையில் எடுத்துக் கொல்ல வேண்டும். சட்டியை வைத்துவிட்டு மறந்தால் அடுத்த தோப்பு வண்டையும் நீங்களே விருந்துக்கு அழைத்த கதையாகும்.

களை விதைக்கு வருவோம். மாடு அசைபோட்டு அரைத்துக் கொல்லும் விதையில் நிறைய குதிரை வயிற்றில் பிழைத்து வெளியே வரும். சீமைக்கருவேல நெற்று தின்ற குதிரையின் லத்தியில் விதை முழுசாக இருக்கும், முளைப்பும் சுறுசுறுப்பாக இருக்கும். கோடியக்கரையில் சீமைக்கருவேல் பரவியதில் அங்கே காடாய்த் திரியும் மட்டக்குதிரைகளுக்கும் பங்குண்டு. சூடு காணாத லத்தியை வயலில் போடுவதும் களை விதைப்பதும் ஒன்று. குடல்புழு மருந்து கொடுத்த பிறகு ஒரு பத்து நாள் வரும் லத்தியைத் தனியாக வையுங்கள். மருந்திலுள்ள ஐவர்மெக்டின் அதில் இறங்கும், மண்புழுவுக்கு ஆகாது. அதை மேட்டின் நடுவில் போட்டு முழுச் சூட்டையும் காணவிட வேண்டும், மண்புழுத் தொட்டிக்கு எடுக்கக் கூடாது.

லாட ஆணி என்று ஒன்று இருக்கிறது, இதை யாரும் சொல்வதே இல்லை. லாடம் மாற்றும்போது தெறிக்கும் ஆணியும், தேய்ந்து நடக்கும்போது கழன்று விழும் ஆணியும் வைக்கோலோடு எருவுக்குப் போய், எருவோடு வயலுக்குப் போய், சேற்றில் நடவு நடுகிற பெண்கள் காலில் ஏறும். ஒன்றரை அங்குல நீளம், தட்டையான உடம்பு, ஒரு பக்கம் சீவிய முனை. லத்தியில் டெட்டனஸ் கிருமி இயல்பாகவே இருக்கும், அதன் வித்து எரு மேட்டின் சூட்டிலும் சாவதில்லை. ஆணிக்குத்தும் அந்த எருவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம். பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை எடுத்துக் கழியில் கட்டி, லாடம் அடித்த அன்று தரை முழுக்க ஒரு தரம், எரு சலிக்கும்போது ஒரு தரம் இழுத்துவிடுங்கள். லத்தி அள்ளுகிறவர்கள் அத்தனை பேருக்கும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், நீங்கள் உட்பட. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான்.

மழைக்காலத்துக்கு முன்னேற்பாடு ஒன்றே ஒன்று. புரட்டாசி முடிவதற்குள் மூன்றாவது அறையைக் காலி செய்து, முன்பு கட்டியதை எல்லாம் முன்னுக்குத் தள்ளிவிட வேண்டும். ஐப்பசியில் இடம் இல்லாமல் கூரைக்கு வெளியே ஒரு கூடை கொட்டினால் அதுதான் நாற்றத்தின் தொடக்கம். தினமும் வரும் ஈர லத்தியை வாங்கிக்கொள்ளப் பத்து மூட்டை காய்ந்த நார்க்கழிவோ உமியோ கொட்டிலோரம் முன்கூட்டியே அடுக்கி வையுங்கள். மழை பிடித்த பிறகு காய்ந்த பொருள் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

மூன்றாவது அறையில் ஒன்றரை, இரண்டு மாதம் சும்மா கிடந்தால் எரு பழுத்துவிடும். தொட்டிக்கு மண்புழு விடுவதானாலும் சூடு முழுக்க ஆறிய இந்தக் கட்டத்தில்தான், 35 டிகிரி இருந்தாலே புழு செத்துவிடும். பழுத்ததா என்று பார்க்க ஒரு கை எருவை நனைத்து பாலிதீன் பையில் காற்றுப்போகாமல் கட்டி மூன்று நாள் வையுங்கள். பிரித்தால் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். நாற்றம் வந்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. பாசிப்பயறு பத்து விதையை எருவிலும் பத்தை வெறும் மண்ணிலும் போட்டு முளைப்பை ஒப்பிடுவதும் நல்ல சோதனை.

அரைகுறையாக மக்கியதை நெல்லுக்குப் போட்டால் நடவு முடிந்த இரண்டு வாரத்தில் பயிர் வெளுக்கும். மிச்சமிருக்கும் நாரை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் வருவது அது. தண்ணீர் கட்டிய களியில் காற்றும் இல்லாததால் வேர் கறுத்து, பிடுங்கினால் முட்டை நாற்றம் அடிக்கும். யூரியாவை மேலே மேலே போட்டுப் பயனில்லை, தண்ணீரை வடித்து வயலை மயிர்வெடிப்பு காணும் வரை காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால் தேறும். நன்கு பழுத்த எரு ஏக்கருக்கு 5 டன், அதாவது மாவுக்கு ஒன்றேமுக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைய, கடைசி உழவில். அதில் வரும் தழைச்சத்தில் ஒரு பங்குதான் முதல் போகத்துக்குக் கிடைக்கும், மேலுரத்தை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். தென்னைக்கு மரத்துக்கு வருடம் 50 கிலோ, வாழைக்குக் கன்றுக்கு 10 கிலோ. கீரைப் பாத்திக்கு முழுக்கப் பழுத்தது மட்டும். மிஞ்சியதை விற்பதானால் அரை அங்குலச் சல்லடையில் சலித்து, காற்றுப் போகும் கோணிப்பையில் கட்டுங்கள், பாலிதீன் பையில் அடைத்தால் வெந்து நாறிவிடும். வாங்குகிறவரிடம் கொட்டிலில் எதைப் பரப்பினீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், உமி கலந்ததை நாற்றங்காலுக்கு என்று வாங்கிப் போய் மறுநாள் திருப்பிக் கொண்டுவருவார்கள்.